இடதுபக்கம் மட்டும் திரும்பு

அன்பும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கோபமும் உள்ள என் மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீ நலமா என்று கேட்க வழியில்லை, இரண்டு நாளாக நீயும் இங்கேதான் இருக்கிறாய். முப்பத்தோரு வருஷம் ஊரார் கடிதத்தை வீடு வீடாகக் கொடுத்த தபால்காரன், இன்று என் கடிதத்தை உன் ஹெல்மெட்டுக்குள் வைக்கிறேன். நேரில் சொல்லத் தைரியமில்லை. நீயும் அம்மாவும் சித்தி வீட்டிலிருந்து வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

உன் பைக்கைத் தொட்டுவிட்டேன். "தொடைக்கக்கூட தொடாதீங்கப்பா" என்று நீ சொன்னது மறக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ ஆபீஸ் முடிந்து வரும்போது நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். நீ இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பினாய், எனக்கே தெரியவில்லை, அவ்வளவு மங்கல். காத்துக்கிடந்த அப்பன் கண்ணுக்கே தெரியாதது, பின்னால் வரும் லாரிக்காரன் கண்ணுக்கா தெரியப்போகிறது?

அதனால் நேற்று மத்தியானம் நீ தூங்கும்போது நாலு எல்இடி வாங்கிவந்து பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு நானே மாட்டினேன், பளிச்சென்று எரிந்தது, ஆனால் நிதானமாகச் சிமிட்ட வேண்டியது தூசி விழுந்த கண் மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டது, தெருமுனை மெக்கானிக்கிடம் ஓடினேன், "புது பல்பு கரண்டே குடிக்கறதில்ல சார், பல்பு போயிடுச்சுன்னு சிமிட்ட வைக்கற ரிலே நெனச்சுக்குது" என்று சொல்லி ரிலேயை மாற்றிக்கொடுத்தார், வேகம் அடங்கியது, வீட்டுக்கு வந்து இடதுபக்கம் போட்டால் நாலும் எரிகிறது, வலதுபக்கம் போட்டாலும் நாலும் எரிகிறது, கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான், மறுபடி ஓடினேன்.

"மீட்டர்ல ஒரு குட்டி பல்பு இருக்குல்ல, அது ரெண்டு பக்கத்துக்கும் பொது. அது வழியா கசியற கரண்டு பழசுக்குப் பத்தாது, இதுக்குத் தாராளம். தடுக்க ஒரு சின்ன சாமான் போடணும், புதன்கிழமைதான் வரும். அதுவரைக்கும் பழைய பல்பையே மாட்டிடலாமே சார்?" என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த மங்கல் வெளிச்சத்தை நம்பி உன்னை அனுப்புவதா? நீயோ நாளைக் காலை கிளம்புகிறாய்.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். இடதுபக்கம் என்றால் ஓரமாக ஒதுங்கித் திரும்பிவிடலாம். எதிரே வருகிறவனுக்குக் குறுக்கே கடப்பது வலதுபக்கத்தில்தான். எனவே புதன்வரை நீ வலதுபக்கமே திரும்பக் கூடாது. வாசலில் இடது, மருந்துக்கடையில் இடது, தண்ணீர்த் தொட்டியில் இடது, மரக்கடையில் இடது, பள்ளிக்கூடச் சுவர் முடிந்ததும் இடது, இப்படியே போனால் உன் விடுதி. ஆறு கிலோமீட்டர் பதினாலாகும், ஆகட்டும். இந்த ஊரில் நான் மிதிக்காத சந்து கிடையாது, அப்பாவை நம்பு.

நோய்நொடி இல்லாமல், நீண்ட ஆயுளோடு, சாலையின் இடது ஓரமாகவே நீ போய்வர ஆசீர்வதிக்கும்,
உன் அப்பா.

பின்குறிப்பு: சரிபார்க்காத வழியில் மகளை அனுப்பலாமா என்று உன் பைக்கிலேயே ஒரு நடை போய்ப் பார்த்தேன். ஐந்தாவது இடதில் நம் வீடே வந்துவிட்டது. வாசலில் நீயும் அம்மாவும். மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "சும்மா இருந்த சங்க ஊதிக் கெடுத்துட்டீங்களா?" என்றாள் அம்மா. நீ சுவிட்சைத் தட்டி, நாலும் எரிவதைப் பார்த்துச் சிரித்தாய், என் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "நல்லாத்தான் தெரியுதுப்பா. அந்த சாமான் வர்ற வரைக்கும் இங்கிருந்தே பஸ்ல ஆபீஸ் போய்க்கறேன்" என்றாய். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. காலையில் முதல் வேலையாக மெக்கானிக்கிடம் போய், அவசரமே இல்லை, அடுத்த மாதம் வந்தால்கூடப் போதும் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.