நீங்கள் சொன்னபடியே போனை விட்டோம், சிஸ்டர்

திருப்பருத்திக்குன்றம்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியை சிஸ்டர் அமலோற்பவம் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஸ்ரேயாவின் தகப்பனும் பெரிய காஞ்சிபுரத்தில் அரிசிக்கடை வைத்திருப்பவனுமாகிய வர்த்தமான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் உடம்பளவில் நலம். தங்கள் நலமும், மற்ற சிஸ்டர்களின் நலமும், போன மாதம் படியில் கால் பிசகிய கணக்கு டீச்சரின் நலமும் அறிய ஆவல். காகிதம் வேண்டாம் என்று முடிவெடுத்த பள்ளிக்குக் காகிதத்திலேயே எழுதுவதற்கு முதலில் மன்னிக்கவும். எனக்கு வேறு வழி இல்லாததைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

உடம்பளவில் என்று எழுதியதற்குக் காரணம், மனசளவில் நேற்று சாயங்காலத்திலிருந்து இந்த வீட்டில் ஒருவரும் நலமாக இல்லை. தங்கள் பள்ளியிலேயே பிளஸ் ஒன் தொடர விரும்பும் பிள்ளைகள் பெற்றோருடன் வந்து எந்தப் பிரிவு என்று பெயர் பதிந்துகொள்ள வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். அது முடிந்துபோன பிறகு சனிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. ஸ்ரேயாவுக்கு வேண்டியது உயிரியல் பிரிவு. கால்நடை மருத்துவர் ஆக வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற பிள்ளை அவள். அந்த இடம் போய்விட்டதோ என்றுதான் என் பயம், சிஸ்டர். பள்ளி சொன்னதை நான் காதில் வாங்காமல் இருந்ததால் இப்படி ஆகியிருந்தால் என்னை நானே திட்டிக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். நீங்கள் சொன்னதை எழுத்துக்கு எழுத்து கேட்டதால் வந்த வினை இது.

ஈஸ்டருக்கு முன்னால் வருகிற உங்கள் தவக்காலம் தொடங்கிய வாரம் ஸ்ரேயா ஒரு தாள் கொண்டுவந்தாள். ‘பெற்றோருக்குச் செய்தியும் வழிகாட்டுதலும்’ என்று தலைப்பு. எந்த மதத்துக் குடும்பமாக இருந்தாலும் சரி, விருப்பமிருந்தால் இந்த நாற்பது நாளும் ஏதாவது ஒன்றை விட்டுப் பாருங்கள், எதை விட்டால் உங்கள் வீட்டில் அதிகம் வலிக்குமோ அதை விடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். ‘விருப்பமிருந்தால்’ என்ற சொல் என் கண்ணில் பட்டது. என் மனைவி ஜ்வாலாமாலினி கண்ணில் படவில்லை. விரதம் என்று யாராவது சொன்னால் போதும், மற்றவர்களுக்குக் கல்யாணச் சாப்பாட்டைப் பார்த்தால் வருகிற முகக்களை அவளுக்கு வந்துவிடும். உடனே மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தோம். அப்போதுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. நாங்கள் ஜைனர்கள். கறி, மீன், முட்டை வம்சத்திலேயே கிடையாது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கிடையாது. தேன் கிடையாது. அட்டமி, சதுர்த்தசி வந்தால் பச்சைக் காய்கூடக் கிடையாது. பொழுது சாய்ந்தால் சாப்பாடே கிடையாது. “விடுறதுக்கு நம்ம கிட்ட என்னா இருக்குது?” என்று ஜ்வாலாமாலினி நிஜமாகவே கவலைப்பட்டாள். இல்லாததை விட்டதாகச் சொன்னால் அது பொய் விரதமாம். நான் காபியை விடலாம் என்றேன். “அது உங்களுக்கு வலிக்கும். நான்தான் காபியே குடிக்கிறதில்லையே, எனக்கு எங்க வலிக்கிது?” என்றாள். டி.வி.யை விடலாம் என்றேன். அது பொங்கலிலிருந்து படம் மட்டும் காட்டுகிறது, பேச்சு வருவதில்லை, அதனால் அது ஏற்கெனவே பாதி விரதத்தில் இருப்பதாகத் தள்ளிவிட்டாள். கடைசியில் ஸ்ரேயாதான் சொன்னாள். “போன்பா. சாப்புடும்போதுகூட அதையேதான் பாத்துக்கினு இருக்கிற. அம்மாவும்தான்.” அவள் அப்படிச் சொன்னதும் எங்கள் இரண்டு பேருக்குமே சுருக்கென்று வலித்தது, ஆகையால் அதுதான் சரியான பொருள் என்று முடிவாயிற்று.

உங்கள் தாளில் ஏதாவது ஒரு அட்டையில் எழுதிப் பெட்டியில் போட்டால் போதும் என்றுதான் இருந்ததாக ஞாபகம். ஜ்வாலாமாலினிக்கு அது போதவில்லை. அன்று மாலையே எங்கள் ஊர் ஜினாலயத்துக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய், பகவான் முன்னால் நிற்கவைத்து, நாற்பது நாள் போனைத் தொடுவதில்லை என்று நியமம் எடுத்துக்கொள்ள வைத்தாள். நியமம் என்றால் எங்களில் விளையாட்டுக் காரியம் இல்லை, சிஸ்டர். எடுத்தால் எடுத்ததுதான். என் போனும் அவள் போனும் அணைக்கப்பட்டு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் போயின, சாவி அவள் முந்தானையில் ஏறியது. வியாபாரத்துக்காகக் கடையில் ஒரு பட்டன் போன் மட்டும் வைத்துக்கொள்ள அனுமதித்தாள். அந்த எண் அரிசி ஆலைக்காரர்களுக்குத் தெரியும், பள்ளிக்குத் தெரியாது. அடுத்த வாரமே, இந்தத் தவக்காலத்தில் பள்ளி தன் பங்குக்குக் காகிதத்தை விடுவது என்றும், இனி எல்லாச் செய்தியும் வாட்ஸ்அப் குழுவில்தான் வரும் என்றும் நீங்கள் முடிவெடுத்திருக்கிறீர்கள். அந்த முடிவும் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்ததாம். நீங்கள் காகிதத்தை விட்டீர்கள், நாங்கள் போனை விட்டோம். இரண்டு பேரும் நல்ல எண்ணத்தில்தான் விட்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். காமாட்சியம்மன் தேர் அன்று பள்ளி மதியத்துக்கு மேல்தான், அதுவும் பின்வாசல் வழியாக வரவேண்டும் என்று முதல் நாள் ராத்திரி செய்தி போட்டிருந்தீர்களாமே. நான் வழக்கம்போல காலையில் ஸ்ரேயாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு ராஜவீதிக்குள் நுழைந்து, தேருக்குப் பின்னால் மாட்டி, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல், வடம் பிடிக்கிறவர்களில் ஒருவர் என்னையும் பிடிக்கச் சொல்ல, வண்டியை ஸ்ரேயாவிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்ச தூரம் தேர் இழுத்தேன். வேர்த்து விறுவிறுத்துப் பள்ளிக்கு வந்தால் வாசல் பூட்டியிருக்கிறது. வாட்ச்மேன் சிட்டிபாபு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “என்னா சார், மெசேஜ் பாக்கலியா?” என்றார். அப்புறம் ஏழைகளுக்கு உதவி திரட்டும் விஷயம். வருடா வருடம் நான் ஒரு மூட்டை அரிசி அனுப்புவது தங்களுக்குத் தெரியும். இந்த வருடம் போனஸாக இரண்டு மூட்டையாக, அதுவும் நல்ல பொன்னியாக, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன். இந்த முறை அரிசி நிறைய சேர்ந்துவிட்டது, சோப்பும் துண்டும் மட்டும் கொடுங்கள் என்று நீங்கள் கேட்டிருந்ததை அதன்பிறகு சொன்னவரும் சிட்டிபாபுதான். அவர் கேள்வியை இந்த முறையும் கேட்டார். நான் இரண்டு மூட்டையையும் திரும்ப ஆட்டோவில் ஏற்றினேன்.

இதெல்லாம் பெரிதில்லை. பரீட்சை நேரத்தில் பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பெற்றோருக்கு ஒரு கூட்டம் இருப்பதாக வருடத் தொடக்கத்தில் கொடுத்த நாட்காட்டியில் இருந்தது. ஆலயத்தை ஒட்டிய ஹாலில் என்று போட்டிருந்தது. கடையை மூடிவிட்டுப் போய் முன் வரிசையிலேயே உட்கார்ந்தேன். எல்லோரும் ஜோடி ஜோடியாக வந்திருந்தார்கள். பரவாயில்லையே, எல்லா அப்பாக்களும் பொறுப்பாக வந்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். ஒரு ஃபாதர் வந்தார், வீட்டில் அமைதி வேண்டும் என்றார். பரீட்சைக்கு அமைதி வேண்டும்தானே என்று தலையாட்டினேன். கோபத்தோடு தூங்கப் போகாதீர்கள் என்றார். அதையும் ஒப்புக்கொண்டேன். பிறகு நேராக என்னைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க, கடைசியா உங்க மனைவிகிட்ட எப்ப மன்னிப்பு கேட்டீங்க?” என்று கேட்டார். எங்களில் பர்வம் என்கிற விரத நாட்கள் முடிந்ததும் வருடத்துக்கு ஒரு நாள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் உண்டு, அதனால் யோசிக்காமல், “போன வருஷம் பர்வம் முடிஞ்சப்போ கேட்டேன், இந்த வருஷமும் கேப்பேன்” என்றேன். ஹால் முழுக்கக் கைதட்டல். ஃபாதர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு அந்த வழக்கத்தைப் பற்றிப் பேசவைத்தார். பேசி முடித்து டீ குடிக்கும்போதுதான் அது தம்பதியருக்கான தியானக் கூட்டம் என்றும், பள்ளிக் கூட்டத்தை வாட்ஸ்அப்பில் தேதி மாற்றி முந்தின நாளே முடித்துவிட்டீர்கள் என்றும் தெரிந்தது. மனைவி ஏன் வரவில்லை என்று பத்துப் பேராவது அக்கறையாக விசாரித்தார்கள். எங்களுக்குள் ஏதோ சண்டை என்று இப்போது அந்தப் பக்கத்தில் பேச்சு இருக்கலாம். தாங்கள் கேள்விப்பட்டால் இல்லை என்று சொல்லிவிடவும்.

இத்தனைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். தேர் முடிந்ததிலிருந்து ஸ்ரேயா படிப்பு விடுமுறையில் வீட்டோடு இருந்ததால் பள்ளிச் செய்தி எதுவும் அவள் மூலமாகவும் வரவில்லை. நேற்று சாயங்காலம் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில், அவளோடு படிக்கிற திரிஷாவின் அம்மா அமுதாவைப் பார்த்தேன். “ஸ்ரேயாவுக்கு எந்த குரூப் போட்டீங்க சார்? நேத்து உங்களைக் காணோமே, நேத்தோட முடிஞ்சிடுச்சே” என்றார். அப்படியே பள்ளிக்கு ஓடினேன். தாங்கள் செங்கல்பட்டுக்கு ஏதோ கூட்டத்துக்குப் போயிருப்பதாகவும் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும் என்றும் சிட்டிபாபு சொன்னார். பாவம், நல்ல மனுஷன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒரு மெசேஜ் போட்டு வெச்சிடுங்களேன் சார்” என்றார்.

வீட்டுக்கு வந்து சாவியைக் கேட்டேன். ஜ்வாலாமாலினி தரமாட்டேன் என்றாள். “பகவான் முன்னாடி நாப்பதுன்னு சொல்லிட்டு நடுவுல நிறுத்துறதா? நாம நியமத்தை ஒடைச்சா அதோட பலன் யார் தலையில விழும்? பரிட்சை எழுதுற பொண்ணு தலையிலதான் விழும்” என்றாள். நியமத்தால் பெண்ணுக்கு இடமே போகிறதே என்றேன். நியமம் போனால் எல்லாமே போகும் என்றாள். இப்படி நாங்கள் இருவரும் பேசி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது, அதனால் நேற்றிரவு மூன்று பேரும் பட்டினி. ஸ்ரேயா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “பரவாயில்லப்பா, வேற ஸ்கூல் பாத்துக்கலாம்” என்றாள். “போனை விடச் சொன்னது நான்தானே” என்று மட்டும் ஒரு தரம் சொன்னாள். பிறகு அறிவியல் புத்தகத்தைத் திறந்தாள், நான் படுக்கப் போகும்வரை அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

இன்று காலை ஜ்வாலாமாலினியே ஒரு வழி சொன்னாள். எங்களில் நியமம் கொடுத்தவர் மனமிரங்கி விடுவித்தால்தான் அதிலிருந்து விடுதலை. “இதைக் குடுத்தது யாரு? சிஸ்டர்தானே. அவங்களாண்ட கேளுங்க” என்றாள். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தாங்கள் எங்களுக்கு குரு ஸ்தானத்தில் இருக்கிறீர்கள். தயவுசெய்து எங்களை விடுவியுங்கள். அது தங்களால் முடியாது என்றால், ஸ்ரேயா வெள்ளிக்கிழமையே வந்ததாக எண்ணி உயிரியல் பிரிவில் ஒரு ஓரமாகவாவது இடம் கொடுங்கள். தவறு பெற்றோருடையது, பிள்ளை ஒரு தவறும் செய்யவில்லை. நாளைக்குக் காலையில் இதை நேரில் கொண்டுவந்து தருகிறேன். தங்களுக்கும் தங்கள் சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கங்கள். தாங்கள் நல்ல உடல்நலத்தோடு இன்னும் பல வருடம் பிள்ளைகளை அதட்டி ஆளாக்க வேண்டும் என்று பிரார்த்திக்கும்,

வர்த்தமான்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை முழுக்கக் கடையில் உட்கார்ந்து எழுதி மடிக்கும்போது அமுதா வந்து பிரியாணிக்கு சீரகச் சம்பா கேட்டார். தவக்காலத்தில் பிரியாணியா என்று கேட்டுவிட்டேன். “நாப்பது நாளுல ஞாயித்துக்கிழமை சேத்தி இல்ல சார். ஆண்டவர் உயிர்த்த நாளாச்சே. எங்க வூட்ல வாரா வாரம் கறிதான்” என்றார். சிஸ்டர், அப்படியானால் வாரா வாரம் நான் போனைப் பார்த்திருக்கலாம். தேரை இழுத்திருக்க வேண்டாம். கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி ஜ்வாலாமாலினியிடம் சொன்னேன். “அவங்க கணக்கு அது. நான் ஞாயித்துக்கிழமையைக் கழிச்சு பகவான்கிட்ட சொல்லலியே” என்றாள். சொல்லிவிட்டு ஸ்ரேயாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்தாள். “ஒடைச்சது நானாவே இருக்கட்டும். நாளையிலேர்ந்து நான் மட்டும் மறுபடியும் மொதல்லேர்ந்து நாப்பது இருந்துக்கிறேன்” என்று சொல்லி அவளே போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். போன் உயிர் வந்து வெகுநேரம் டிங் டிங் என்று அடித்து ஓய்ந்தது. அதில் தங்கள் குரல் இருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி அனுப்பியிருக்கிறீர்கள். மூன்று பேரும் சேர்ந்து கேட்டோம். “வர்த்தமான் சார், எத்தனை தரம் கூப்புட்டும் உங்க போன் ஆஃப்லயே இருக்குது. ஸ்ரேயா பேரை பயாலஜி குரூப்ல நானே எழுதி வெச்சிட்டேன், இடம் எங்கயும் போகாது. நீங்க வந்து கையெழுத்து போட்டா போதும். ஆனா ஈஸ்டருக்கு முன்னாடியே வந்துடுங்க. இந்தத் தவக்காலத்துக்கு நான் கோபத்தை விட்டிருக்கேன்.” ஸ்ரேயா முதலில் சிரித்தாள், அப்புறம் அம்மா மடியில் படுத்து அழுதாள். தங்கள் குரல் மிகவும் சாந்தமாக இருந்தது, சிஸ்டர், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. நாளைக் காலை முதல் மணி அடிப்பதற்கு முன்னால் வாசலில் நிற்பேன்.