சீமாட்டியின் மூக்கு

1911 நவம்பர் 6, திங்கட்கிழமை, காலை ஏழேகால் மணி. பாளையங்கோட்டையில் விட்டுவிட்டு மழை. எலியேசர் வரைந்த சீமாட்டி ஐந்து நாளாகியும் காயவில்லை.

எலியேசர் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். பதினோராண்டுகளாகச் சித்திர ஆசிரியர் வேலையைக் கேட்டுவந்தார். கடைசியில் நிர்வாகக் குழு ஒரு தேர்வு வைத்தது. பள்ளி மண்டபத்தில் தொங்கும் ஒரு சீமாட்டியின் பழைய எண்ணெய்ச் சித்திரத்தை அச்சு அசலாக நகலெடுக்க வேண்டும். புதன்கிழமை ஒப்படைக்க வேண்டும். மண்டபத்தில் அமர்ந்து வரைந்து முடித்து, காயவைக்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

"வர்ணத்துல என்னத்த ஊத்துனிய?" என்றாள் மனைவி இன்பமணி.

"ஆளிவிதை எண்ணெய் தீந்துட்டு. நல்லெண்ணெய் ஊத்துனேன்."

"தலையில தேச்சாலே காயாதே அது!"

"எண்ணெய்ச் சித்திரம்னா எண்ணெய்தானட்டி."

மழை ஓய்ந்ததும் படத்தை முற்றத்தில் வைத்தார். பதினேழு ஈசல்கள் ஒட்டிக்கொண்டன. ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார். மறுநாள் காலையில் படம் காய்ந்ததுபோல் இருந்தது. ஆனால் புகையேறிப் பழுப்பாகியிருந்தது. துணியால் துடைத்தார். துணியோடு மூக்கும் வந்துவிட்டது.

மூலத்தைப் பார்க்க ஓடினார். மண்டபம் உள்ளே தாழிட்டிருந்தது.

"குழு வருதுன்னு தொடைக்கிற வேலை நடக்கு, அண்ணாச்சி," என்று உள்ளிருந்து குரல் கொடுத்தான் பியூன் மதார். "நாளைக்கு வாங்க."

நாளைக்கு நேரமில்லை. எலியேசர் வீடு திரும்பி மனைவியை முக்காலியில் உட்காரவைத்தார்.

"அசையாத."

"சோறு பொங்குதுங்க!"

"பொங்கட்டும். மூக்க நேரா வையி."

எண்ணெய் சேர்க்காமல், புகை நிறத்துக்குப் பொருந்த வர்ணத்தில் அடுப்புக்கரி குழைத்து, அந்த மூக்கைச் சீமாட்டிக்கு வைத்தார்.

புதன்கிழமை குழு இரு படங்களையும் அருகருகே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டது. ஒரு மணி நேரம் கழித்து மதார், மூவர் கையெழுத்திட்ட தீர்மானத்தையும் துணி சுற்றிய படத்தையும் எலியேசரிடம் கொடுத்தான்.

'தங்கள் நகலை மூலத்தோடு ஒப்பிட்டோம். மூலத்தில் காலம் ஏற்றிய பழுப்பு நகலில் இல்லை. மூலத்து மூக்கின் உயிர்த்துடிப்பில் நூற்றில் ஒரு பங்கும் தாங்கள் வரைந்த மூக்கில் இல்லை. வேலை தர இயலாது. நகலைத் திருப்பியனுப்புகிறோம்.'

எலியேசர் இருமுறை படித்து, நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

"நியாயந்தான். அடுத்த வருசமும் எழுதிப்போடுவேன்," என்றார்.

ஆறுதல் சொல்ல வாயெடுத்த மதார், துணி விலகிய இடத்தைக் குனிந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, நேத்து நான் சவுக்காரம் போட்டுத் தொடச்ச மண்டபத்துப் படத்தையில்லா உங்க தலையில கட்டிட்டாவ!"