கோல்வாங்கி இல்லாத முரசு

மேனிபுரி என்ற நாட்டை அதன் முன்னோர் ஒரே ஒரு செங்கல்லிலிருந்து பத்தே மாதத்தில் கட்டி முடித்தார்கள். அந்தச் செங்கல் இரண்டாகி, இரண்டு நாலாகி, கோட்டையும் வாய்க்காலுமாக எழுந்து நின்றதாம். இதை நம்பாத ஒரே ஆள் அரண்மனைக் கோல்வாங்கி அஞ்சுகம். செங்கல் என்ன கோழியா, குஞ்சு பொரிக்க என்று சிரிப்பாள்.

அவள் வேலை எளிது. முரசுக்காரன் மாயழகு வளர்முரசை அடித்தால் கட்டடம் எழும்பும். வேண்டிய அளவு எழும்பியதும் அவன் கையிலிருந்து கோலை அவள் வாங்கிவிடுவாள். அடிப்பவன் தானாக நிறுத்தக்கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம்.

புது மன்னருக்கு அது உறுத்தியது. வளர்ச்சித் துறை அமைச்சர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"வளர்ச்சிய நிறுத்துறதுக்குன்னு ஒரு உத்தியோகமா? எந்த ஊர்லம்மா உண்டு?"

"சுவரு எழும்பியாச்சுங்களே ஐயா."

"அப்ப அதுமேல இன்னொரு சுவரு."

பதவி ஒழிந்தது. முரசு ஓயவில்லை. குடல்மேடு என்ற பகுதியில் கதவில்லாத வீடுகளும் கிணற்றை மூடிய மாடிகளும் முளைத்தன. புதுச் சுவர்களுக்குத் தாகமெடுக்கிறது என்று அரசாணை வந்து, வாய்க்கால்கள் அத்தனையும் அங்கே திரும்பின. அஞ்சுகம் குடியிருந்த ஈரல்பேட்டை வறண்டது. காய்ச்சலில் கிடந்த மகள் வஞ்சிக்கு நாக்கை நனைக்கத் துளி தண்ணீர் இல்லை.

மன்னர் நீடிக்கலாமா என்று கேட்கும் தேர்தல் வந்தது. ஆளுக்கொரு வாக்கு வளர்ச்சிக்கு விரோதம் என்று சுவருக்கொரு வாக்காக்கினார்கள். ஒரு சுவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை.

அஞ்சுகம் முரசு மேடைக்கு ஓடினாள். மாயழகின் உள்ளங்கை உரிந்து சதை தெரிந்தது. "புடுங்கிரு அக்கா," என்றான் அடித்துக்கொண்டே. "எனக்குத் தானா நிறுத்தத் தெரியாது." அவள் கோலைப் பிடித்ததும், அதைத் தொட்டது ராஜத்துரோகம் என்று காவலர்கள் அவளை இழுத்துப்போய் வீட்டுக்காவலில் பூட்டினார்கள்.

குடல்மேட்டிலிருந்து கழன்ற செங்கல் ஒன்று வறண்ட வாய்க்காலில் உருண்டு வந்து அவள் வாசலில் நின்றது. முரசுச் சத்தம் அதுவரை எட்டியது. செங்கல் இரண்டானது. இரண்டு நாலானது. வாசல் அடைபட்டது, முற்றம் அடைபட்டது, வஞ்சியின் கட்டிலைச் சுற்றிச் சுவர் எழுந்தது. மகளின் மூச்சு அதற்கு முன்பே நின்றிருந்தது.

அங்கே எழுந்த புதுப் பேட்டையைத் திறந்துவைக்க அமைச்சர் மாலையோடு வந்தார். மிச்சமிருந்த ஓட்டை வழியாக உள்ளே பார்த்து, முன்னோர் கதையை இப்போதாவது நம்புகிறாளா என்று விசாரித்தார்.

அஞ்சுகம் மகளின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நெசந்தாங்க ஐயா," என்றாள். "ஒரே ஒரு செங்கல்லுதான். என் கண்ணாலயே பாத்தேன்."