நாலு வீட்டுக்கு மட்டும்

எனக்கு விருது கிடைத்தது எங்கள் உப்பளம் பகுதியில் ஒருவருக்கும் தெரியாது. அந்த வேதனையை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்பு கம்பெனியில் நான் சூப்பர்வைசர். இந்த வருஷத்தின் சிறந்த ஊழியர் என்று மேடைக்குக் கூப்பிட்டார்கள். சால்வை போர்த்தினார்கள். கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு நானே வீடு வீடாகப் போக முடியுமா? நான் தன்னடக்கமான ஆள். விருதும் தெருவுக்குத் தெரிய வேண்டும், தன்னடக்கமும் தெரிய வேண்டும். அதற்கு ஒரே வழி என் மனைவி துர்கா.

பெண்களுக்கு ரகசியம் ஐஸ்கட்டி மாதிரி. கையில் வைத்துக்கொண்டிருக்க முடியாது, அடுத்த கைக்கு மாற்றியே ஆக வேண்டும். அது பிறவிக் குணம். இது நானாகக் கண்டுபிடித்தது.

"துர்கா, ஒரு விஷயம். வெளில மூச்சு விடக்கூடாது."

"இன்னாங்க?"

"கம்பெனில எனக்கு அவார்டு குடுத்துருக்காங்க."

"அய்ய, எவ்ளோ நல்ல சேதி! எங்கம்மாவுக்கு மட்டும் ஒரு போன் போட்டுடட்டா?"

"மூச்சு விடக்கூடாதுன்னேன்ல? கண்ணு பட்டுடும்."

"சரிங்க."

கேடயத்தைப் பழைய புடவையில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை முகம் மழித்து, வாசலில் நின்றேன். எதிர்வீட்டுச் சக்கரபாணி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்தப் பிரெஞ்சில் மகனிடம் மிஞ்சியது வணக்கம் சொல்லும் ஒரே வார்த்தை.

"பொன்ழூர், நெடுமாறன்!"

"பொன்ழூர் சார்! சொல்லுங்க."

"அதான் சொல்லிட்டனே."

"அதில்ல... எதாவது கேள்விப்பட்டீங்களா?"

"ஆமா தம்பி. இன்னைக்குக் குழாய்ல தண்ணி வராதாம்."

ஒரு வாரம் போனது. ஒரு நாய்கூட என்னைப் புதிதாகப் பார்க்கவில்லை.

"துர்கா, எதிர்வீட்டுச் செல்வாம்பாள் அக்காகிட்ட பேசறதே இல்லியா?"

"இப்பதான் ஒரு மணி நேரம் பேசிட்டு வந்தேன்."

"எதப் பத்தி?"

"வெண்டைக்காய் பொரியல்."

"ஒரு மணி நேரமா வெண்டைக்காயா? நடுவுல வேற எதுவும்... வாய் வழுக்கல?"

"சேச்சே! அவங்க உங்க கம்பெனிப் பேச்ச எடுத்தாங்க. நான்தான் மறுபடி வெண்டைக்காய்க்கே இழுத்துட்டேன்."

இப்படி ஒரு துரோகத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இட்லி மாவு அரைத்து விற்கிறேன் என்று தீபாவளியிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். 'கடைக்குக் கடை பாக்கெட் மாவு கெடக்குது, உன்கிட்ட எவன் வாங்குவான்?' என்று நான்தான் தடுத்து வைத்திருந்தேன்.

"ஏங்க, நானும் ஒண்ணு சொல்லட்டா? யாருகிட்டயும் சொல்லக்கூடாது."

என் இரண்டு காதும் ஒரே காதாகிவிட்டன.

"நாளைலேருந்து மாவு குடுக்கப்போறேன். கோவிச்சுக்காதீங்க. நாலே நாலு வீட்டுக்குத்தான். எங்கம்மா பக்குவம். தெருவுக்குத் தெரிஞ்சா எல்லாரும் கேப்பாங்க, என்னால முடியாது."

"எந்த நாலு வீடு?"

"அத மட்டும் கேக்காதீங்க."

இராத்திரி முழுக்க அந்த விஷயம் என் வயிற்றில் மாவு மாதிரியே புளித்துப் பொங்கியது. காலையில் மூடி நிற்கவில்லை.

"சார், அந்த நாலுல உங்க வீடு இருக்கா?"

"எந்த நாலு?" என்றார் சக்கரபாணி.

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாததுக்கா தம்பி தெருவத் தாண்டி ஓடி வந்தீங்க?"

சொல்லிவிட்டேன். அவரிடம் மட்டும்தான். பிறகு டீக்கடையில் ஒருவரிடம் மட்டும். சலூனில் ஒருவரிடம் மட்டும். பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நின்றவரிடம் மட்டும். மாவு எப்படியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது ஒன்றே: "எங்கள உட்டுட்டு எந்த நாலு வீடு?"

சாயங்காலம் வேலை முடிந்து வருகிறேன். என் வீட்டு வாசலில் கும்பல்!

எனக்குப் புரிந்துவிட்டது. துர்கா கடைசியில் வாயைத் திறந்துவிட்டாள். சட்டையை இழுத்துவிட்டேன். கைகூப்பினேன். "எதுக்குங்க இதெல்லாம்? நான் என் கடமையத்தானே செஞ்சேன்..." என்று ஆரம்பித்தேன்.

"சார், நடுவுல பூந்து வராதீங்க. கடைசில போய் நில்லுங்க," என்றது ஒரு தூக்குவாளி.

கொல்லைப்புறமாகச் சுற்றி உள்ளே போனேன். துர்கா மாவை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூன்று அண்டா.

"நாலு வீட்டுக்கு எதுக்குடி மூணு அண்டா?"

"நாலு வீடுன்னு சொன்னாத்தானே நாப்பது வீடு வரும்?"

"அப்ப நான் வெளில சொல்லுவேன்னு தெரிஞ்சேவா சொன்ன?"

"பின்ன? வீடு வீடாப் போயி மாவு வாங்குங்கன்னு கேக்க எனக்குக் கூச்சமா இருக்காதா? அதான் உங்ககிட்ட ரகசியம்னு சொன்னேன்."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இனிமே நீ என்ன சொன்னாலும் என் வாய்லேருந்து ஒரு வார்த்தை வெளில போகாது. சத்தியம்!"

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவள் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அப்பன்னா சொல்லலாம். செல்வாம்பாள் அக்கா இன்னைக்கு உங்களப் பத்தி ஒண்ணு சொன்னாங்க..."

நிறுத்திவிட்டாள்.

"இன்னா சொன்னாங்க? துர்கா, இன்னா சொன்னாங்க?"

"இந்த அரிசிய அரைச்சு முடிங்க, சொல்றேன்."

அது மார்கழியில். இப்போது சித்திரை. அரிசி இன்னும் முடியவில்லை.