உங்கள் காருக்குக் கவர் வாங்கிய விவரம்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் யாரையும் எழுதச் சொல்லாமல், தன் சொந்தக் கையால் எழுதும் முதல் கடிதம் இது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நீங்களும் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கார் சௌக்கியமா என்ற கேள்விக்குத்தான் ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை. சொல்ல வந்ததைச் சுருக்கமாக எழுதுவது எப்படி என்று, எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தரும் மாலை வகுப்பு டீச்சர் பாடம் நடத்திய அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. பொறுத்துக்கொள்ளவும்.

போன ஞாயிறு நீங்கள் எங்கள் ஷெட்டில் நின்று, காரின் பானெட்டில் விரலால் ஒரு கோடு இழுத்து, விரல் நுனியை என் மூக்குக்கு நேரே காட்டினீர்கள். "பாருங்க மாமா, பக்கத்துத் தச்சுப் பட்டறைத் தூள் எல்லாம் இது மேலதான் உக்காருது. நல்ல கவரா ஒண்ணு போட்டா வண்டி இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா எங்க ஃப்ளாட்டுக்குப் பக்கத்துல ஒரு ஷெட்டு வாடகைக்கு வருது, அங்க கொண்டுபோயிடறேன்" என்றீர்கள். நான் பெரிய மனுஷன் மாதிரி, "கவர்தானே, என்கிட்ட விடுங்க" என்றேன். மறைப்பானேன், நீங்கள் வாராவாரம் வருவது காரைத் துடைக்க. மகள் வருவது உங்களோடு. உங்கள் அத்தை சனிக்கிழமையே வீட்டைக் கழுவிவிடுவது மகளுக்காக. இந்த ரயிலின் எல்லாப் பெட்டிகளுக்கும் எஞ்சின் அந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்தான். அது போனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமையும் அதன் பின்னாலேயே போய்விடும்.

நீங்கள் ஸ்டியரிங்கில் செருகிவிட்டுப் போன துண்டுச் சீட்டைப் படித்தேன். "உள்ளே நிற்கும் வண்டிக்கான கவர். மெத்தென்ற துணி. காற்று போக வேண்டும். மழைக்கான ரகம் வேண்டாம். இறுக்கிக் கட்டக் கூடாது." முழுச் சீட்டையும் யார் உதவியும் இல்லாமல் அரை மணியில் படித்து முடித்தேன். அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு தடவை படித்தேன். அத்தைக்குப் படித்துக் காட்டினேன். சுவரை எட்டி, தச்சருக்கும் படித்துக் காட்டினேன். ஊருக்கெல்லாம் படித்துக் காட்டிய நான், அதில் எழுதியிருக்கிறபடி செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

மறந்தேன் என்பதுகூடப் பொய். எனக்கு அது பிடிக்கவில்லை. நாற்பது வருஷம் லாரிப் பாரத்தின் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டியவன் நான். மூட்டை, மரம், மெஷின், ஒரு தடவை ஒரு பெரிய கூடாரத்தையே மடித்து ஏற்றி அதன் மேலும் தார்ப்பாய் போட்டிருக்கிறேன். ஒரு சொட்டு உள்ளே போனதில்லை. எனக்குப் போய், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பிள்ளை கவர் பற்றிச் சொல்வதா என்று நினைத்தேன். (மன்னிக்கவும். திங்கட்கிழமை காலை அப்படித்தான் நினைத்தேன். சாயங்காலம் அப்படி நினைக்கவில்லை.) பரண்மேல் இருந்த பழைய தார்ப்பாயை இறக்கினேன். காரைக் குளிப்பாட்டினேன். ஈரம் காயும்வரை நிற்கப் பொறுமை இல்லாமல் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, நாலு பக்கமும் கயிறு கொடுத்து, காலை உதைத்து இழுத்துக் கட்டினேன். உங்கள் அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, காரை மூடியிருக்கீங்களா, இல்ல யாரையாவது கடத்தப் போறீங்களா?" என்றாள். தொழில் தெரியாதவர்களோடு நான் பேசுவதில்லை.

சாயங்காலம் திறந்தால் கார் முழுக்க முத்து முத்தாக வேர்வை. கண்ணாடியெல்லாம் புகை. காய்ச்சல் கண்டு போர்த்திப் படுத்த ஆள் மாதிரி கிடந்தது. ஈரம் வெளியே போக வழி வேண்டும் என்றுதானே காற்று போக வேண்டும் என்று எழுதினீர்கள், அது அப்போதுதான் புரிந்தது. நாற்பது வருஷமாகத் தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்தவனுக்கு, உள்ளே இருக்கிற தண்ணீர் எப்படி வெளியே போகும் என்று ஒரு நாளும் யோசிக்கத் தோன்றவில்லை. பதறிப்போய்த் தார்ப்பாயை உருவினேன். அதன் ஓரத்துப் பித்தளை வளையம் டிரைவர் பக்கத்துக் கதவில் உரசிவிட்டது. கைப்பிடிக்குக் கீழே, அரை விரல் நீளம். தோலுக்கு அடியில் இருப்பதையே படம் எடுக்கிறவர் நீங்கள், உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எழுதிவிட்டேன். இன்றைக்கு இது போதும்.

புதன்கிழமை. மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். நேற்றுக் கடைக்குப் போன கதை இனி. கார் சாமான் விற்கிற அந்தக் கடையில் ஒரு சுவர் முழுக்கக் கவர் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் எழுத்து! முன்பெல்லாம் எனக்குக் கடை என்றால் சும்மா நிற்கிற சுவர். இப்போது எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் என்னைக் கூப்பிடுகிறது. ஒன்றை விட்டு ஒன்றைப் படித்தால் விட்டது கோபித்துக்கொள்ளுமே என்று மேல் வரிசையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் படித்தேன். மழைக்கு, வெயிலுக்கு, பனிக்கு, பறவை எச்சத்துக்கு. இரண்டாவது வரிசை முடிவதற்குள் கடைக்காரர் சாப்பிட்டுவிட்டே வந்துவிட்டார். "பெரியவரே, வாங்கப் போறீங்களா, பரீட்சை எழுதப் போறீங்களா?"

"ஸ்போர்ட்ஸ் காருக்கு. உள்ளேயே நிக்கிற வண்டி."

"உள்ள நிக்கிற வண்டிக்குப் பறவை எச்சத்தை எதுக்குப் படிச்சிட்டிருக்கீங்க? வண்டி நீளம் என்ன?"

நீளத்தைக் கயிற்றில் கொண்டுபோயிருந்தேன். எங்கள் தொழிலில் எல்லா அளவும் கயிறுதான். காலையில் நைலான் கயிற்றைக் காரின் மேல் வைத்து, உங்கள் கார் ஆயிற்றே, ஏற்கனவே ஒரு கீறல் ஆயிற்றே என்று, தூங்குகிற குழந்தைமேல் துணி போடுவதுபோல மெதுவாக அளந்து முடிச்சுப் போட்டேன். கடையில் அளந்து காட்டச் சொன்னதும் கைக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. கவுண்டரில் ஒரு காலை உதைத்து ஒரே இழுப்பு. நைலான் நீண்டது. கவுண்டரும் கொஞ்சம் நகர்ந்தது. கடைக்காரர் அந்த நீளத்தைப் பார்த்து, "இது காரா, பஸ்ஸா?" என்று கேட்டுக்கொண்டே பெரிய பெட்டியை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து போட்டால் கார் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மூக்குப் பக்கம் போர்த்தினால் வால் பக்கத்தில் இன்னொரு காருக்கு இடம் இருக்கிறது. அத்தை ஒரு ஓரத்தைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை வந்து கேட்டா, உள்ளதான் எங்கயோ இருக்கு, தேடிக்குங்கன்னு சொல்லிடலாம்" என்றாள். அவளுக்கு இந்த வாரம் பொழுது நன்றாகப் போகிறது.

இன்று காலை பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். நான் கயிற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு, காரின் பேரையும் மாடலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன், என் கையாலேயே. அவர் படித்தார், மாப்பிள்ளை! நான் எழுதியதை ஒரு அந்நிய மனுஷர் படித்து, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் அதே சாமானை எடுத்து வந்தார். எனக்கு அந்தத் தாளைத் திருப்பி வாங்கிச் சட்டம் போட்டு மாட்டலாம் போல இருந்தது.

கவர் அருமை. கருநீலம். பனியன் துணி மாதிரி இழுத்தால் வருகிறது, விட்டால் உடம்போடு ஒட்டுகிறது. உள்பக்கம் பஞ்சு மாதிரி. ஓரத்தில் எலாஸ்டிக் இருக்கிறது, கயிறே வேண்டாம். தூசி துடைத்த பிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் துணிக்கு அடியில் தூசியே கீறிவிடும் என்று உள்ளே இருந்த தாளில் போட்டிருந்தது. இந்தத் தடவை படித்தபடியே செய்தேன். துடைத்தேன், காய விட்டேன், போட்டேன். போட்ட பிறகு என்னையும் அறியாமல் கை கயிற்றைத் தேடிவிட்டது. பின்பக்கம் ஒரு முடிச்சும் போட்டாயிற்று. "அது எங்க ஓடப் போகுது? அவிழ்த்து விடுங்க" என்றாள் அத்தை. அவிழ்த்தேன். மூடிய பாரத்தைக் கட்டாமல் விட்டது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை. நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பறந்து போகவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, தூசிக்கு இனி இங்கே வேலை இல்லை. வாடகை ஷெட்டு வேண்டாம், கார் இங்கேயே இருக்கட்டும். நமக்குள் பேச வேறு விஷயம் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். நீங்கள் பானெட்டைத் திறந்து எது என்ன என்று சொல்வீர்கள், நான் துணியைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவேன். பாதிதான் புரியும். மீதிப் பாதியை அடுத்த ஞாயிறு கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு உங்களுக்கு டியூட்டி என்றீர்கள், அதற்கு அடுத்த ஞாயிறு வந்து கவரைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லவும். கீறலைப் பார்க்கும்போது மட்டும் நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல உடம்பும் அமைய எங்கள் இருவரின் ஆசீர்வாதம். மகளிடம் இது அப்பா எழுதியதுதான் என்று சொல்லவும். நம்பாவிட்டால் எழுத்தைக் காட்டவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை அத்தைக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாள். கேட்டு முடித்து, "ரெண்டு நாளா உக்காந்து இவ்வளவு எழுதினீங்களே, 'எங்களைப் பார்க்க வாங்க'ன்னு ஒரு வரி எழுத வரலையா? புள்ளைங்க வர்றதுக்கு ஒரு காரைப் பிடிச்சு வச்சுக்கணுமா?" என்றாள். மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்றால், ஒவ்வொரு எழுத்துக்கும் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், மனம் வரவில்லை. ஆகவே அதையெல்லாம் படிக்க வேண்டாம். கார் உங்களுடையது, எங்கே வசதியோ அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். ஷெட்டுக்கு வெள்ளையடித்து ஒரு கட்டில் போடப் போகிறோம், நீங்கள் இருவரும் வந்தால் மத்தியானம் கொஞ்சம் படுக்க இடம் வேண்டுமே. எங்களைப் பார்க்க வாருங்கள். கவரை மட்டும் கேட்காதீர்கள். அத்தை அதை அந்தக் கட்டிலுக்கு அளந்து பார்த்துவிட்டாள், இரண்டாக மடித்துப் போட்டால் சரியாக இருக்கிறதாம்.