டீக்கு ஒரே எதிரி

நீலகிரியில் தேயிலை விலை விழுந்ததற்கு ஏலம், ஏற்றுமதி என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். நம்பாதீர்கள். காரணம் ஒரே ஆள், எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியின் ஆணி கம்பவுண்டர்.

சோகை பிடித்து வெளுத்த முகத்தைக் கண்டால் போதும், டாக்டரிடம் ரத்தம் பார்க்க வைத்து இரும்புச்சத்து மாத்திரை தொடங்க வைப்பார். அதனால் 'ஆணி'. கூடவே, மாத்திரைக்கு முன்னால் ஒரு மணி நேரம், பின்னால் இரண்டு மணி நேரம் டீயைத் தொடக்கூடாது, தொட்டால் சத்து உடம்பில் ஒட்டாது என்பார். டீத் தோட்டத்தில் நின்றுகொண்டு இந்தப் பேச்சு! யார் நம்புவது? விலை விழுந்ததே இவரால்தான் என்ற ஜோக்கை எஸ்டேட் முழுக்கப் பரப்பியவன் நான்தான்.

ஆபீஸ் கிளார்க்கான நானோ டீயைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். வாங்க ஆளில்லாத தூளை ஃபேக்டரியில் எங்களுக்கே அள்ளிக் கொடுத்தார்கள். தினம் பதினோரு டம்ளர். உலகச் சந்தையே என் வயிற்றை நம்பித்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் என் மனைவி சரோஜாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ரத்தம் இவ்வளவு குறைவாக இருந்தால் ஆபரேஷன் செய்ய முடியாது, அளவை ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று ஊட்டி டாக்டர் மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். ஒரு மாதம் கழித்துப் போனால் இம்மிகூட ஏறவில்லை. நாலு படி ஏறவே அவளுக்கு மூச்சு வாங்கியது. பயந்துபோய் கோயமுத்தூரிலிருந்து பெரிய சத்துப் பவுடர் டப்பா வாங்கி வந்தேன். ஆணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டப்பா மேல படத்துல இருக்கற அம்மணிக்குத்தானுங்க ரத்தம் ஊறியிருக்குது. மாத்திரை எதோட குடுக்கறீங்க?"

என் மார்பு விரிந்தது. "நானே என் கையால டீ போட்டு, அதோடதானுங்க. நல்லா ஸ்ட்ராங்கா."

ஆணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏனுங்க கிளார்க்கு, ஒரு மாசமா அந்தப் புள்ளைக்கு வினை வெச்சது நீங்கதானா?"

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக டீத்தூள் டப்பாவைப் பரணில் ஏற்றினேன்.

மறுநாளிலிருந்து காலையில் அவரே வீட்டுக்கு வந்தார். மாத்திரை, ஒரு டம்ளர் எலுமிச்சைத் தண்ணீர், பிறகு வாசலில் காவல். கொட்டுகிற மழையிலும் குடையோடு வந்து நின்றார். மதியம் கீரை வெந்ததா, ஈரல் வாங்கினேனா என்று ஆபீஸ் ஜன்னலில் விசாரணை. டீத்தூள் டப்பா பக்கம் என் நிழல்கூடப் போகவில்லை. இரண்டு மாதத்தில் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் தலையாட்டினார். ஆபரேஷன் முடிந்து, கொஞ்ச நாளில் சரோஜா எங்கும் நிற்காமல் படியேறினாள். எங்க ஆணி மாதிரி ஒரு கம்பவுண்டர் இந்த மலையில் உண்டா என்று லவ்டேல் வரைக்கும் கேட்டுத் திரிந்தேன்.

கடைசி மாத்திரையும் தீர்ந்த வாரம் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். சரோஜா குறும்பாக ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து நீட்டினாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை மறுபடி நீட்டினார். மூன்று தடவை.

"உங்களுக்கு டீயே ஆகாதுன்னு நெனச்சனுங்க" என்றேன்.

"டீன்னா உசுருங்க. மாத்திரைக்காரங்களை வாயக் கட்டச் சொல்லிப்போட்டு, அவங்க முன்னால நான் எப்படிங்க குடிக்கறது?"

டிஸ்பென்சரியில் அவர் எதிரே மாத்திரைக்காரர் யாரும் இல்லாத ஒரு நாளை நான் பார்த்ததே இல்லை.

எழுந்து போய் நாலாவது டம்ளரை நானே போட்டேன். நல்லா ஸ்ட்ராங்கா.