லண்டன் மெஷினில் பதினாலு

அன்புள்ள மச்சான் சுதாகரனுக்கு,

அக்கரப்பத்தனையிலிருந்து வீரய்யா எழுதுவது. லண்டன் குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாரியம்மன் துணையிருப்பாள். இங்கும் அனைவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்; உன் அக்கா ராசம்மாவின் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

நீ ஆசையாக அனுப்பிய, சீனி வருத்தத்துக்கு இரத்தம் பார்க்கும் மெஷினைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கிளினிக்கில் எப்போது பார்த்தாலும் இருநூற்றறுபது என்று சொல்லி முகத்தைச் சுளிப்பார்கள். உன் மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் பதினாலு. "என்னங்க, பதினாலுதான் வருது! சீனி எறங்கிருச்சுங்க!" என்று உன் அக்கா போட்ட சத்தத்தில் லயத்து வீடுகள் எல்லாம் கூடிவிட்டன. கிளினிக் எண்களையும் மெஷின் எண்களையும் நான் ஒரே கலண்டர் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். கோடு மண்சரிவு போலக் கீழே விழுந்தது. அவள் கிளினிக்கை நிறுத்தினாள், மாத்திரையை நிறுத்தினாள், இவ்வளவு குறைந்தால் மயக்கம் வருமே என்று பயந்து நானே பிளேன்டீயில் சீனியை அள்ளிப் போட்டேன், பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஜீவராணி கேசரி கிண்டி வந்தாள், அதற்குள் கொழுந்து பறிக்கும் மலையில் செருப்பு கடித்த புண் ஆறாமல் கறுத்து நாற்றமெடுத்து, ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே நான் கலண்டர் தாளைப் பெருமையாக நீட்டினேன். டொக்டர் ஆர்த்திகா, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மெஷினை வாங்கிப் பார்த்தார்.

"ஐயா, இது லண்டன் அளவு. இஞ்ச நாங்கள் பாக்கிற அளவு வேற. இதைப் பதினெட்டால பெருக்கோணும்."

பெருக்கினேன். இருநூற்றைம்பத்திரண்டு. எல்லாப் புள்ளிகளையும் கிளினிக் அளவுக்கு மாற்றிக் கோட்டைத் திரும்பப் போட்டேன். சரிவையே காணோம். கேசரிக்குப் பிறகு மேலேதான் ஏறியிருந்தது.

"அப்ப எறங்கவே இல்லீங்களா?" என்று கட்டிலில் கிடந்தபடி உன் அக்கா கேட்டாள். நான் கலண்டர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

கொழுந்து மலைக்கு அவள் இனிப் போக முடியாது. உன்மேல் குற்றமில்லை, மச்சான். வீடு இப்போது என் கட்டுப்பாட்டில். சீனி டப்பா ஜீவராணி வீட்டில். குத்துவதும் பெருக்குவதும் என் பொறுப்பு, கவலைப்பட ஒன்றுமில்லை.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வீரய்யா

பி.கு.: ஊசி ஒன்று மிஞ்சியிருந்ததால் சும்மா என் விரலையும் குத்திப் பார்த்தேன். இருபத்திரண்டு. பெருக்கவில்லை. அக்காவிடம் சொல்லிவிடாதே.